வசனம் உள்ளே இறங்கவில்லை என்று எழுதிய சகோதரிக்கு

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். படுக்கையில் இருக்கும் மாமியாரை நான்தான் கவனிக்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து, ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைப்படி போனில் வாசிக்கிறேன். சமைக்கும்போது யூடியூபில் செய்தி கேட்கிறேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை. ஆனால் எதுவும் உள்ளே இறங்குவதில்லை. வீடு வந்து சேர்வதற்குள் பிரசங்கம் மறந்துபோகிறது. முன்பு பாட்டுப் பாடும்போதே கண்ணீர் வரும், இப்போது அதுவும் இல்லை. சமீபத்தில் ஞாபகம் நிற்கிற பிரசங்கம் ஒன்றே ஒன்றுதான். சகோதரனோடு ஒப்புரவாகு என்பதைப் பற்றியது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெற்றோர் இருவரும் இறந்தபின் வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணனுடனும் மைனியுடனும் பேச்சு நின்றுவிட்டது. அவர்களும் எங்கள் சபைதான். விதைக்கிறவன் உவமையைப் பேசிய ஊழியர் ஒருவர், பலன் இல்லாத இருதயம் கற்பாறை என்றார். அதிலிருந்து பயமாக இருக்கிறது. என் இருதயம் கற்பாறையா? வசனத்தைக் கேட்க இருதயத்தை எப்படி ஆயத்தப்படுத்துவது? தோழி ஒருத்தி வேறு சபைக்குக் கூப்பிடுகிறாள், போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

முதலில் அந்தக் கற்பாறை விஷயத்தை முடித்துவிடுவோம், அது உங்களைத் தேவையில்லாமல் வாட்டுகிறது. லூக்கா 8-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள். கற்பாறையின்மேல் விழுந்த விதைக்கு இயேசு சொன்ன விளக்கம் என்ன? அவர்கள் வசனத்தைக் கேட்கும்போது "சந்தோஷத்துடன்" ஏற்றுக்கொள்ளுகிறார்களாம். உடனே முளைக்கிறது, வேர் இல்லாததால் சோதனை வந்ததும் காய்ந்துவிடுகிறது. ஆக, வழியோரம், கற்பாறை, முள்ளுள்ள இடம், நல்ல நிலம் என்று உவமையில் வரும் அந்த நான்கு நிலங்களில் உணர்ச்சி பொங்குகிற நிலம் என்று ஒன்று இருந்தால் அது கற்பாறைதான். நல்ல நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது சந்தோஷம், கண்ணீர் எதுவும் வரவில்லை. கேட்டு, காத்து, "பொறுமையுடனே" பலன் கொடுக்கிறவர்கள் என்று இருக்கிறது. கண்ணீர் வராததை வைத்து உங்களைக் கற்பாறை என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேதத்தில் ஆதாரம் இல்லை.

அந்த உவமையில் உங்கள் நிலைமைக்கு ஏதாவது பொருந்தும் என்றால் அது முள்ளுள்ள இடம். கவலைகள் நெருக்குகிற இடம். முள் வளர்கிறது என்றால் அங்கே மண் இருக்கிறது என்றுதான் பொருள். பாறையில் முள்கூட வளராது.

ஊழியர்கள் இந்த உவமையை எடுத்து ஜனங்களை நான்கு வகையாகப் பிரித்து முத்திரை குத்துவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கும். ஒரே மனுஷனுக்குள் நான்கு நிலமும் இருப்பதைத்தான் சபையில் இத்தனை வருடமாகப் பார்த்து வருகிறேன். ஜெபக்கூட்டம் என்றால் நல்ல நிலமாக இருப்பவர், பணம் என்று வந்ததும் வழியோரம் ஆகிவிடுவார்.

சரி, முள்ளுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இரண்டு முள் தெரிகிறது. முதலாவது களைப்பு.

யாத்திராகமம் 6-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு, யாரும் அதிகம் பிரசங்கிப்பதில்லை. கர்த்தர் மோசேயிடம் பெரிய வாக்குத்தத்தம் ஒன்றைக் கொடுக்கிறார்: உங்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவிப்பேன், உங்களை என் ஜனமாகச் சேர்த்துக்கொள்வேன், ஆபிரகாமுக்கு ஆணையிட்ட தேசத்தைத் தருவேன். மோசே போய் அப்படியே சொல்கிறார். 9-ஆம் வசனம், எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேல் ஜனங்கள் செவிகொடுக்கவில்லை என்கிறது. காரணம் "மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும்" என்று எழுதியிருக்கிறது. அவிசுவாசம் என்றோ கடின இருதயம் என்றோ அங்கே எழுதவில்லை. அதே புத்தகத்தில் பார்வோனுக்குத்தான் இருதயம் கடினப்பட்டது என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. செங்கல் அறுத்துக் களைத்துப்போன ஜனத்துக்கு வேதம் அந்த வார்த்தையைப் போடவில்லை. கர்த்தரும் இவர்கள் கேட்கவில்லையே என்று கைவிடவில்லை. அவர்கள் நன்றாகக் கேட்கப் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் இல்லை. சுமையை இறக்குகிற வேலையை ஆரம்பித்தார்.

எலியா தீர்க்கதரிசிக்கும் அதேதான் நடந்தது. 1 இராஜாக்கள் 19-இல் அவர் சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா தின்றுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். ஓரேப் மலையில் அமர்ந்த மெல்லிய சத்தத்தை அவர் கேட்டது இதற்கெல்லாம் அப்புறம்தான். சாப்பாடும் தூக்கமும் அவரை ஆயத்தப்படுத்திய விதங்களில் சேர்ந்தவை என்று நான் நம்புகிறேன். பரிசுத்தம் குறைந்தவர்களுக்கான ஏற்பாடு என்று இதை ஒதுக்க முடியாது, எலியாவுக்கே அதுதான் கொடுக்கப்பட்டது.

நாலரைக்கு எழுகிறீர்கள். பள்ளி, மாமியாருக்குத் துணி மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, சமையல் என்று நாள் போகிறது. இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பதினொன்றுக்கு முன் இருக்காது என்று நினைக்கிறேன். இப்படி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவுடன் தலை கிறங்குவதற்கு ஆவிக்குரிய காரணம் தேட வேண்டாம். ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள்: டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபினும் தைராய்டும் சோதித்துப் பாருங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு இவை இரண்டும் அடிக்கடி கோளாறு செய்யும். ரத்தசோகை இருந்தாலும் தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் அசதி வரும், கவனம் நிற்காது, மறதி வரும். டாக்டரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு சந்தோஷம் தந்தது எதுவும் இப்போது சந்தோஷம் தராமல் இருப்பது, தூக்கம் கெடுவது, எதற்கும் பயனில்லை என்ற எண்ணம் வருவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. பாட்டுப் பாடும்போதுகூடக் கண்ணீர் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி இரண்டாவது முள். இதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

எந்தப் பிரசங்கமும் நிற்கவில்லை என்று எழுதிவிட்டு, ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் எரிச்சலோடு. சகோதரி, வசனம் உங்களுக்குள் இறங்கவே இல்லை என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்று இறங்கிவிட்டது. அது எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் அது சரியான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கையில் எடுக்காமல் அடுத்த வசனம், அடுத்த செய்தி, அடுத்த அதிகாரம் என்று நீங்கள் போய்க்கொண்டே இருக்கிறீர்கள்.

ஏரோது ராஜாவை நினைத்துப் பாருங்கள். யோவான்ஸ்நானன் பேச்சை அவன் விருப்பத்தோடே கேட்டான், அவன் சொன்னபடி அநேக காரியங்களைச் செய்தும் வந்தான் என்று மாற்கு 6:20 சொல்கிறது. ஆனால் சகோதரன் மனைவி ஏரோதியாளைத் தன் மனைவியாக்கிக்கொண்ட விஷயத்தில் மட்டும் கேட்கவில்லை. அந்த ஒன்றில் முடியாது என்றதில், கடைசியில் யோவான் கொல்லப்பட்டு அந்தக் குரலே நின்றுபோகும்படி ஆனது. உங்களை ஏரோதோடு ஒப்பிடுவதாக நினைத்துக் கோபப்பட வேண்டாம். எல்லோரிடமும் இது நடக்கிறது: ஒரு குறிப்பிட்ட இடத்தில் கேட்க மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டால், காது அந்த இடத்தில் மட்டும் அடைத்துக்கொள்வதில்லை, மொத்தமாக மந்தமாகிறது.

யாக்கோபு 1:21 இதைத்தான் வரிசைப்படுத்திச் சொல்கிறது. எல்லாவித அழுக்கையும் கொடிய துர்க்குணத்தையும் ஒழித்துவிட்டு, "திருவசனத்தைச் சாந்தமாய் ஏற்றுக்கொள்ளுங்கள்". ஒழிப்பது முதலில், ஏற்றுக்கொள்வது அடுத்தது. அதற்கு இரண்டு வசனம் முன்னால் கோபத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. கோபிக்கிறதற்குத் தாமதமாய் இருங்கள் என்று சொன்ன கையோடுதான் வசனத்தை ஏற்பதைப் பற்றிப் பேசுகிறார். ஆயத்தம் என்றால் முழங்காலில் இருந்து மனதை ஒருமுகப்படுத்துவது என்று நாம் நினைக்கிறோம். யாக்கோபைக் கேட்டால், உன் கோபத்தை என்ன செய்தாய் என்று முதலில் கேட்பார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒப்புரவாகு என்று கேட்டதும் உங்களுக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. நம் சபைகளில் அந்த வார்த்தைக்கு, பொம்பளைப் பிள்ளை பங்கு கேட்கக்கூடாது, விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடு என்று ஒரு மறைமுக அர்த்தம் வைத்திருக்கிறார்கள். அந்த அர்த்தத்தை வேதம் தரவில்லை. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் மோசேக்கு முன் நின்று, மகன் இல்லாமல் இறந்த தகப்பனின் சொத்தில் பங்கு கேட்டார்கள். அவர்கள் பேசுகிறது சரிதான் என்று கர்த்தரே சொன்னார். எண்ணாகமம் 27-இல் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் அது எப்போதோ கடந்து போயிருக்கும், ஓட்டத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். நாட்டின் சட்டமும் மகளுக்குப் பங்கு உண்டு என்கிறது. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் வித்தியாசம் இல்லாமல் சம பங்கு என்பதுதான் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பங்கைக் கேட்பது பாவம் இல்லை. வக்கீல் வைப்பதும் பாவம் இல்லை. வீட்டுக்குள்ளேயே பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்க முடிந்தால் நல்லது.

ஆனால் மத்தேயு 5:23 சொல்வது பங்கைப் பற்றி இல்லை. உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் நீ போ என்கிறது. யார் பக்கம் நியாயம் என்ற விசாரணை அதில் இல்லை. யாருக்கு நினைவு வருகிறதோ அவர் எழுந்து போக வேண்டும். உங்களுக்கு நினைவு வந்துவிட்டது. அண்ணனுக்கு உங்கள்மேல் என்ன வருத்தம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சண்டையின்போது நீங்கள் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையாக இருக்கலாம், மைனியை நாலு பேர் முன்னால் பேசியதாக இருக்கலாம். பங்கு விஷயத்தைத் தொடாமல் அந்த ஒன்றுக்கு மட்டும், அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாது அண்ணே என்று சொல்ல முடியுமா பாருங்கள். அவர் போனை வைத்துவிடலாம். மைனி இன்னும் மோசமாகப் பேசலாம். ரோமர் 12:18 கூடுமானால் என்றும் உங்களாலானமட்டும் என்றும் இரண்டு எல்லைகளைப் போட்டுத்தான் சமாதானத்தைக் கேட்கிறது. உங்கள் பங்கைச் செய்தால் போதும், அவர்கள் பங்குக்கு நீங்கள் பொறுப்பில்லை.

நீங்கள் கேட்ட ஆயத்தத்தில் பெரும்பகுதி இதுதான். மீதி எல்லாம் சின்னச் சின்னக் காரியம்.

அந்த ஒரு வருட அட்டவணையை நிறுத்திவிடுங்கள். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினம் மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். நேரமும் தெம்பும் இருப்பவர்களுக்கு அது நல்ல பழக்கம். உங்களுக்கு இப்போது அது இன்னொரு வேலையாகிவிட்டது. பதிலாக மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். இன்னொன்று, அதை மாமியாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கஞ்சி கொடுத்து முடித்தபின் ஐந்து நிமிடம் ஆகும். வேதம் எழுதப்பட்ட காலத்தில் பெரும்பாலான ஜனங்கள் வேதத்தை வாசித்தவர்கள் அல்ல, ஒருவர் வாசிக்கக் கேட்டவர்கள். நெகேமியா 8-இல் எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் காலை தொடங்கி மத்தியானம்வரை வாசித்தார், லேவியர் ஜனங்களுக்கு அர்த்தம் சொன்னார்கள், ஜனங்கள் அழுதார்கள். வெளிப்படுத்தல் 1:3-இல்கூட "வாசிக்கிறவனும்" என்று ஒருமையில் இருக்கிறது, "கேட்கிறவர்களும்" என்று பன்மையில் இருக்கிறது. தனியாகப் போன் திரையில் கண்ணை ஓட்டுவதைவிட, வாய்விட்டு இன்னொருவருக்காக வாசிக்கும்போது நாமும் கேட்கிறோம். அவர்களுக்கும் பகல் முழுக்கப் படுக்கையில் வேறென்ன இருக்கிறது? அச்சுப் புத்தகத்தில் வாசியுங்கள். போனில் நடுவில் வாட்ஸ்அப் வந்து நிற்கும். பழைய திருப்புதல் வேதாகமத்தின் நடை அவர்களுக்குப் பழக்கமாக இருக்கும், உங்களுக்குக் கடினமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் செய்திகளைச் சமையலறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். கேட்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. எசேக்கியேல் 33-இன் கடைசியில் கர்த்தர் தீர்க்கதரிசியிடம் ஒரு வேதனையான விஷயத்தைச் சொல்கிறார்: இனிய குரலில் பாடுகிறவனின் இன்பமான பாட்டைப் போல ஜனங்கள் உன்னைக் கேட்கிறார்கள், செய்வதில்லை. மிக்ஸி சத்தத்துக்கு நடுவே ஓடுகிற பிரசங்கம் அந்த நிலைமைக்குத்தான் நம்மைப் பழக்குகிறது. வசனம் காதில் ஓடிக்கொண்டிருந்தும் கவனிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறோம். அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையும் கூடவே வருகிறது. சமைக்கும்போது கீர்த்தனை பாடுங்கள், அது போதும்.

ஞாயிறுக்கு ஆயத்தம் சனிக்கிழமையே தொடங்க வேண்டும். சபைகள் சிலவற்றில் திருவிருந்துக்கு முந்தின சாயங்காலம் ஆயத்த ஆராதனை வைக்கிற வழக்கம் உண்டு. இப்போது அதற்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். உங்கள் சபையில் இருந்தால் முடிந்தபோது போங்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே சபை நாள்காட்டியில் அந்த ஞாயிறுக்குரிய வேதபாடத்தைப் பார்த்து, சுவிசேஷப் பகுதியை மட்டும் ஒருமுறை வாசித்துவிட்டு, புரியாத ஒரு கேள்வியைக் குறித்து வையுங்கள். கேள்வியோடு போகிறவருக்குப் பிரசங்கத்தில் தூக்கம் வருவது குறைவு. பிரசங்கம் முழுவதையும் நோட்டில் எழுத வேண்டாம். ஆசிரியை என்பதால் அந்தப் பழக்கம் உங்களுக்கு இருக்கும். ஒரு வரி எழுதுங்கள், திங்கட்கிழமை அதைச் செய்ய முடிகிற மாதிரி எழுதுங்கள். நம் சபைக்கு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழியாக வந்த ஜெபங்களில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்து இரண்டாம் ஞாயிறுக்கு 1549-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்திலிருந்து வரும் ஒரு ஜெபம் உண்டு. வேதத்தைக் கேட்க, வாசிக்க, குறித்துக்கொள்ள, கற்றுக்கொள்ள, அப்புறம் உள்ளுக்குள் செரிக்கக் கிருபை கேட்கிறது. கேட்பது, வாசிப்பது இரண்டையும் நீங்கள் நிறையவே செய்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதற்குத்தான் நேரமே இல்லை.

இத்தனையும் செய்தால் இருதயம் திறந்துவிடுமா என்று கேட்டால், அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. எஸ்றா "தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான்" என்று வேதம் சொல்கிறது. பவுல் பேசியதைக் கேட்ட லீதியாள் விஷயத்தில், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார் என்கிறது. இரண்டும் உண்மை. நாம் முள்ளைப் பிடுங்கலாம், முளைக்க வைக்க நம்மால் முடியாது. ஆயத்தமே இல்லாமல் போனவரையும் கர்த்தர் பிடித்ததுண்டு. பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் 384-இல் மிலான் நகரத்துக்குப் போனபோது, அம்புரோஸ் ஆயரின் பிரசங்கத்தைக் கேட்கச் சென்றது அவருடைய பேச்சுத்திறமையை எடைபோடத்தான். சொல்லப்படும் விஷயத்தில் அக்கறை இல்லை என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பேச்சழகை ரசிக்கக் காதைத் திறந்தவருக்குள் விஷயமும் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்துவிட்டது. 387 ஈஸ்டரில் அதே அம்புரோஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். எரிச்சலோடு கேட்டாலும், அரைத்தூக்கத்தில் கேட்டாலும் ஆராதனைக்குப் போவதை விட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து உங்கள் கடைசிக் கேள்வி, வேறு சபை. போகக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. உங்கள் தோழியின் சபையில் நல்ல ஊழியம் நடக்கலாம். ஆனால் இப்போது போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே மைனி இருக்க மாட்டார்கள். முதல் இரண்டு மாதம் மனசு லேசாக இருக்கும், பாட்டில் கண்ணீர்கூட வரும், வசனம் இப்போதுதான் இறங்குகிறது என்று தோன்றும். உண்மையில் என்ன மாறியது என்று உங்களுக்கே தெரியாது. அண்ணனிடம் பேசி முடித்தபின், அதன் பலன் எப்படி இருந்தாலும், ஒரு ஆறு மாதம் கழித்து மறுபடியும் யோசியுங்கள். அப்போதும் போக வேண்டும் என்று தோன்றினால் உங்கள் ஆயரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே கேட்பதையும் பெரோயா ஊரார் செய்த மாதிரி வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பவுல் பேசியதையே அவர்கள் தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது.

மாமியாரைக் கவனிப்பதில் உதவிக்கு ஆள் கேட்டீர்களா என்று தெரியவில்லை. கணவர் வெளிநாட்டில் இருந்தாலும், வாரம் இரண்டு நாள் வந்து போகிற ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று அவரிடம் பேசுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது அவருடைய அம்மா. சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து உட்கார யாராவது இருப்பார்கள். கேட்டால்தான் தெரியும்.

அண்ணனுக்குப் போன் செய்ய இன்னும் தைரியம் வரவில்லை என்றால், ரத்தப் பரிசோதனைக்காவது இந்த வாரம் போய்விடுங்கள். இரண்டில் அது சுலபம்.